மணி ஐந்து ஐம்பது

மாநாட்டு மையத்தில் மொத்தம் அறுபத்து நான்கு கடிகாரங்கள் இருந்தன. பெரிய அரங்கில் மேடைக்கு மேலே வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒன்று. தாழ்வாரங்களிலும் கூட்ட அறைகளிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் கழிப்பறை வாசல்களிலும் மீதி. எதற்கும் சொந்த புத்தி கிடையாது. அடித்தளத்தில் ஒரு சின்ன அறையில் பீரோ மாதிரி நின்றிருந்த தாய்க் கடிகாரம் என்ன சொல்கிறதோ அதையே அத்தனையும் சொல்லும். மேலே இரண்டு வாரமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த நூற்றுச் சொச்சம் நாடுகளுக்குள் அப்படி ஒரு ஒற்றுமை ஒரு நாளும் இருந்ததில்லை.

தாய்க் கடிகாரம் நேரம் மட்டும் சொல்லவில்லை. ஏசி எப்போது ஓடவேண்டும், விளக்கு எப்போது மங்கவேண்டும், ஜன்னல் திரை எப்போது இறங்கவேண்டும், வாசல் நீரூற்று எப்போது நிற்கவேண்டும் எல்லாம் அதன் கையில். பின்பக்கச் சுவரை ஒட்டி ஓடும் வடிகாலின் ஷட்டரும் பம்பும்கூட அதன் கையில்தான். மையம் கட்டிய இடம் ஒரு காலத்தில் சதுப்பு நிலம். மழைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் வந்து தங்கிப் போகும் இடத்தில் கட்டடம் வந்துவிட்டதால், அந்தத் தண்ணீருக்கு, கட்டடத்தின் பின்தெருவைத் தவிர வேறு போக்கிடம் இல்லாமல் போயிற்று. தெருக்காரர்கள் சண்டை போட்டு வாங்கியதுதான் ஷட்டரும் பம்பும். கடல் ஏறும் நேரத்தில் ஷட்டர் இறங்கி உள்ளே வரும் தண்ணீரைத் தடுக்கும். பம்ப், தெருவின் சாக்கடைத் தண்ணீரை அள்ளி அந்தப் பக்கம் வீசும். மாதத்துக்கு நாலைந்து நாள், பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டி, ஏற்ற நேரங்களைத் தாய்க் கடிகாரத்தில் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார்கள்.

ஆரம்பத்தில் பம்புக்குக் கையால் போடும் சுவிட்ச் ஒன்றும் இருந்தது. கட்டடத்துக்குப் பசுமை விருது கொடுக்க வந்த குழுவில் ஒருவர், "இது எதுக்கு?" என்று கேட்டார். "அவசரத்துக்கு" என்றார்கள். "யாராவது மறந்து ஓடவிட்டா மின்சாரம் வீணாகுமே" என்றார் அவர். மறுநாளே சுவிட்சைக் கழற்றினார்கள். இரண்டு மதிப்பெண் கூடியது. விருது, வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கழற்றிய சுவிட்ச், அதைக் கழற்றிய எலக்ட்ரீஷியனின் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

எலக்ட்ரீஷியனுக்கு அந்தக் கட்டடத்தில் பதினோரு வருட வேலை. மதியச் சாப்பாடு பின்தெருவில் அக்கா வீட்டில். வீடு என்றால் முன்பாதி சலவைக் கடை, பின்பாதி குடித்தனம். தரையில் போல்ட் போட்டு இறுக்கிய இரண்டு பெரிய வாஷிங் மெஷின், ஒரு டிரையர், நீளமான இஸ்திரி மேஜை. மையத்தின் மேஜை விரிப்புகள் எல்லாம் அங்கேதான் வெளுக்கப் போகும். இந்த மாநாட்டில் சனிக்கிழமை மதியம் கையெழுத்து விழாவும் விருந்தும். அதற்காக இருநூற்று நாற்பது வெள்ளை விரிப்புகளை வெள்ளிக்கிழமை சாயங்காலமே அக்கா தேய்த்து மடித்து அலமாரியில் அடுக்கிவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை பௌர்ணமிக்கு மறுநாள். ஏற்றம் ஏழு இருபதுக்கு. ஷட்டரும் பம்பும் ஆறரைக்கு வேலையை ஆரம்பித்து எட்டரைக்கு முடிக்கவேண்டும்.

ஐந்து நாற்பதுக்கு மேனேஜர் அடித்தள அறைக்குள் வந்தார். மேனேஜர் கீழே வந்து பார்த்ததே அபூர்வம். கூடவே, கழுத்தில் மூன்று அடையாள அட்டை தொங்க, மாநாட்டுத் தலைவரின் உதவியாளரான ஒரு அம்மா.

"கடிகாரத்தை நிறுத்தணும்பா," என்றார் மேனேஜர்.

"எந்தக் கடிகாரம் சார்?"

"எல்லாம்தான்."

எலக்ட்ரீஷியன் உதவியாளரைப் பார்த்தான். அவர் பொறுமையாகச் சொன்னார். "ஆறு மணிக்குள்ள ஒப்பந்தம் முடியணும்னு விதி. அரங்கத்துக் கடிகாரத்துல ஆறு ஆயிட்டா மாநாடு கலைஞ்சதா அர்த்தம். ரெண்டு வார வேலை குப்பைக்குப் போயிடும். அதனால ஆறு ஆகாம பாத்துக்கணும். இது வழக்கமா செய்யறதுதான், பயப்படாதீங்க."

"எவ்வளவு நேரம் மேடம் நிறுத்தணும்?"

"பத்து நிமிஷம்."

"போன மாநாட்டுல எவ்வளவு நேரம் நிறுத்தினாங்க?"

"அதுவும் பத்து நிமிஷம்தான். முப்பத்தொரு மணி நேரம் ஆச்சு."

எலக்ட்ரீஷியன் மேனேஜர் பக்கம் திரும்பினான். "சார், ஆறரைக்குப் பின்பக்க ஷட்டர் இறங்கணும். இதை நிறுத்தினா அதுவும் நிக்கும்."

"இப்ப மணி என்ன?"

"அஞ்சு நாப்பத்தி மூணு."

"அஞ்சு அம்பதுல நிறுத்தப் போறோம். அப்புறம் ஆறரையே வராதே. ஆறரை வந்தாத்தானே தண்ணி வரும்?"

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று எலக்ட்ரீஷியன் மேனேஜரின் முகத்தைப் பார்த்தான். இல்லை. இருபது வருடம் கடிகாரத்தைப் பார்த்து நிர்வாகம் செய்தவர். சூரியன்கூட அடித்தள அறையிலிருந்து உத்தரவு வாங்கிக்கொண்டுதான் மறைகிறது என்று நம்பிவிட்டார்.

"கடலுக்கு யாரு சார் சொல்றது?" என்றான்.

"பத்து நிமிஷம்னுதானே அவங்க சொல்றாங்க. சொல்றதைச் செய்யப்பா."

ஐந்து ஐம்பதுக்கு உதவியாளர் கையைத் தூக்கினார். எலக்ட்ரீஷியன் பொத்தானை அழுத்தினான். மேலே அறுபத்து நான்கு முட்களும் ஒரே சமயத்தில் நின்றன.

ஒலிபெருக்கிகளைக் கவனிக்கும் வேலையும் அவனுடையதே என்பதால் அதன்பின் அரங்கத்துக்குப் போனான். பக்கவாட்டுச் சுவரில் வெப்பநிலைப் பலகைக்குக் கீழே அவனுக்கு ஒரு ஸ்டூல். இருபத்திரண்டு டிகிரி. வந்தவர்கள் கோட்டுக்கு மேல் சால்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். விவாதம் பதினேழாவது பத்தியில் நின்றது. கடலோர மக்களைக் காக்கும் நடவடிக்கைகளைக் 'காலம் தாழ்த்தாமல்' எடுக்கவேண்டும் என்று அதில் இருந்தது. காலம் தாழ்த்தாமல் என்றால் சட்டச் சிக்கல் வரும் என்றது ஒரு பெரிய நாடு. அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்றது ஒரு சிறிய தீவு நாடு. மூன்றாவதாக ஒரு நாடு எழுந்து, அவசரப்பட்டு முடிவெடுக்கக்கூடாது, நமக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது என்று கடிகாரத்தைக் காட்டியது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

எல்லோருடைய பையிலும் கைப்பேசி இருந்தது. ஒவ்வொன்றிலும் சரியான நேரம் இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மணிக்கட்டில் கடிகாரம் கட்டியவர்கள் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

எலக்ட்ரீஷியன் மட்டும் எடுத்துப் பார்த்தான். ஆறு பத்து. ஆறு இருபத்தைந்து. ஆறு நாற்பது. ஆறு நாற்பத்தைந்துக்கு அக்காவின் அழைப்பு வந்தது. தாழ்வாரத்துக்கு ஓடினான்.

"டேய், சாக்கடை எதுத்து வருதுடா. உங்க பம்ப் சத்தத்தையே காணோம்."

"தெரியும்கா. கடிகாரத்தை நிறுத்தி வச்சிருக்காங்க."

"கடிகாரத்தை நிறுத்தினா பம்ப் ஏன்டா நிக்கணும்?"

"ரெண்டும் ஒரே ஒயர்லக்கா."

"எந்த மகராசன்டா அப்படிப் போட்டது?"

போட்டது அவன்தான், வரைபடம் வேறு யாருடையதோ. பின்னணியில் அத்தான் குரல் கேட்டது. "மச்சான்கிட்ட கேளு, தண்ணி எவ்வளவு வரும்னு. சாணா முழமா?"

"தலைக்கு மேல போனா சாண் என்ன முழம் என்னன்னு உங்கப்பா காலத்துலயே சொல்லிட்டாங்க. நின்னு கேள்வி கேக்காம விரிப்பைத் தூக்கி மேல வைங்க," என்று அக்கா அந்தப் பக்கம் பார்த்துச் சொல்லிவிட்டு, இந்தப் பக்கம் வந்தாள். "டேய், துணியைத் தூக்கிடலாம். மெஷினைத் தூக்க முடியாதுடா. மோட்டார் அடியிலதான் இருக்கு. ஒரு முழம் வந்துச்சுன்னா ரெண்டும் போச்சு. கடையே போச்சு."

"பாத்துக்கறேன்கா."

பம்ப் அறைக்குள் போக முடிந்தால் ஒரு துண்டு ஒயர் போதும். பெட்டியைத் திறந்து நேரடியாக இணைத்துவிடலாம். பின்கட்டுக்கு ஓடினான். மாநாட்டுக்காக அங்கே கம்பி வேலி போட்டு ஒரு காவலரை நிறுத்தியிருந்தார்கள். இரண்டு வாரமாகத் தினமும் தீப்பெட்டி கேட்டுப் பழகியவர். இன்று அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள விட முடியாதுங்க. பாஸ் ஆறு மணியோட முடிஞ்சுது."

"அண்ணே, ஆறு மணி இன்னும் ஆகல. உள்ள போய்ப் பாருங்க, அஞ்சு அம்பதுதான் ஆகுது."

காவலர் தன் மணிக்கட்டைக் காட்டினார். "என் வாச்சுல ஆறு அம்பத்தி ரெண்டு."

"அது தப்பு வாச்சுண்ணே. நூறு நாடு சேர்ந்து அஞ்சு அம்பதுங்குது."

"நூறு நாடா எனக்குச் சம்பளம் தருது? எட்டு மணிக்கு ஷிப்ட் முடியும்னா எனக்கு எட்டு மணிக்கு முடியணும்."

அந்த வளாகத்தில் உண்மையான நேரத்தை மதித்த ஒரே அதிகாரி அவர். அவரும் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

எலக்ட்ரீஷியன் மேடைக்குப் பின்புறம் போய் உதவியாளரைப் பிடித்தான். வரும் வழியிலேயே ஒரு யோசனை தோன்றியிருந்தது. "மேடம், கடிகாரம் ஓடட்டும். அறுபத்து நாலையும் துணி போட்டு மூடிடலாம். பின்னாடி எங்கக்கா கடையில இருநூத்தி நாப்பது வெள்ளைத் துணி தயாரா இருக்கு. பத்து நிமிஷத்துல மூடிடுவேன், நிஜப் பத்து நிமிஷம். யாருக்கும் நேரம் தெரியாது. பம்ப் ஓடிடும்."

உதவியாளருக்கு அது பிடித்துப்போனதை முகம் சொன்னது. ஆனால் அவர் ஒருவர் முடிவு செய்யக்கூடியது அல்ல. சட்ட ஆலோசகரிடம் போனார். மூடுவது வேறு, நிறுத்துவது வேறு. நிறுத்துவதற்கு முன்னுதாரணம் உண்டு, மூடுவதற்கு இல்லை என்றார் ஆலோசகர். எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டால் மூடலாம். தலைவர் அதை அரங்கில் வைத்தார். ஒரு நாடு, துணியின் நிறம் குறித்து விளக்கம் கேட்டது. வெள்ளை, சரணடைவதைக் குறிப்பதாக அதன் மக்கள் எடுத்துக்கொள்ளக்கூடுமாம். இன்னொரு நாடு, கழிப்பறை வாசல் கடிகாரங்களையும் அரங்கக் கடிகாரத்தையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமா என்றது. கடைசியில் ஒன்பது பேர் கொண்ட துணைக்குழு அமைத்தார்கள். குழு பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. கைப்பேசியில் ஏழு இருபத்தெட்டு. ஏற்றத்தின் உச்சம் தாண்டிவிட்டது.

அக்காவிடமிருந்து படம் வந்திருந்தது. மெஷினின் கால்கள் தெரியவில்லை. இரண்டாவது படத்தில் அத்தான் இஸ்திரி மேஜைமேல் விரிப்பு மூட்டைகளோடு நின்றிருந்தார். படத்துக்குக் கீழே எழுத்து எதுவும் இல்லை. எப்போதும் திட்டித் தீர்க்கிற அக்கா ஒன்றும் எழுதாததுதான் அவனை உதைத்தது. அடித்தளப் படியை நோக்கி நடந்தான்.

படி முனையில் தீவு நாட்டுப் பிரதிநிதி குறுக்கே வந்தார். முதல் வாரத்தில் ஒரு நாள் முழுதும் அவருடைய மைக் வேலை செய்யவில்லை. அதை யாரும் கவனிக்காத நிலையில் எலக்ட்ரீஷியன் போய்ச் சரிசெய்திருந்தான். அந்தப் பழக்கம்.

"தம்பி, கடிகாரத்தை ஓடவிடப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமா சார். தெரு முழுகுது."

"எங்க ஊரும்தான் முழுகுது."

"உங்க ஊருக்குப் பம்ப் இருக்கா சார்?"

"இல்லை."

"எங்க தெருவுக்கு இருக்கு. அதான் வயிறு எரியுது."

அவர் சுவரில் சாய்ந்தார். மூன்று நாள் தூங்காத முகம். "இப்ப கலைஞ்சா அடுத்த மாநாடு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான். வெறுங்கையோட நான் ஊருக்குப் போக முடியாது தம்பி."

"பேப்பரைக் காட்டினா கடல் நிக்குமா சார்?"

"நிக்காது." அதைச் சொல்வதற்கு அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆனா பேப்பர் இல்லைன்னா அடுத்த தடவை எங்களை ஒரு நாடுன்னே சேத்துக்க மாட்டாங்க. பேப்பர்ல இருக்கற வரைக்கும்தான் நாங்க இருக்கோம். இன்னும் ஒரு பத்து நிமிஷம் குடுங்க."

எலக்ட்ரீஷியனால் அவரிடம் கோபப்பட முடியவில்லை. நின்றான். நிஜமாகவே கொடுத்தான்; ஒன்றுக்கு மூன்றாக, முப்பது நிமிடம். அந்த நேரத்தில் துணைக்குழு தனக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்தது. அக்காவிடமிருந்து மூன்றாவது படம் வந்தது. அதில் மெஷினின் கண்ணாடிக் கதவு பாதி தண்ணீருக்குள் இருந்தது. உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர்.

எட்டு நாலுக்கு அவன் கீழே போய்த் தாய்க் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் தள்ளிவைத்துப் பொத்தானை விடுவித்தான். பின்பக்கமிருந்து பம்ப் இருமிக்கொண்டு கிளம்புவது தரை வழியாகக் காலுக்குத் தெரிந்தது. வேலை போகும் என்று தெரியும். மாநாடும் போயிருக்கும். தன்னால் ஒரு தீவு பேப்பரிலும் முழுகியது என்று நினைத்துக்கொண்டே மேலே வந்து அரங்கக் கதவைத் திறந்தான்.

பெரிய கடிகாரத்தின் முட்கள் ராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. ஆறு, ஆறரை, ஏழு, எல்லாம் கண்ணெதிரே ஓடின. நூறு நாடுகளும் நிமிர்ந்து பார்த்தன. அப்போது தலைவர் மைக்கில் அமைதியாகச் சொன்னார்: "எல்லாரும் தயவுசெய்து முன்னால இருக்கற பேப்பரைப் பாருங்க."

எல்லோரும் குனிந்து பேப்பரைப் பார்த்தார்கள்.

"நேரம் ஐந்து ஐம்பது," என்றார் தலைவர். "பதினேழாவது பத்தியைத் தொடர்வோம்."

அவ்வளவுதான். யாரும் எழுந்து ஆட்சேபிக்கவில்லை. எதுவும் கலையவில்லை. முள் எட்டு நாலில் போய் நின்று, பிறகு நியாயமாக எட்டு ஐந்துக்கு நகர்ந்தது. அதற்குக் கீழே இரண்டாயிரம் பேர் தலையைக் குனிந்துகொண்டு ஐந்து ஐம்பதில் இருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்ட பூனைக்கு உலகம் இருண்டுவிடும் என்பார்கள். இரண்டாயிரம் பூனைகள் சேர்ந்து மூடினால் நிஜமாகவே இருண்டுவிடுகிறது. எலக்ட்ரீஷியனுக்கு மட்டும் ஒரு கணக்கு உறைத்தது. இதை ஆறேகாலுக்கே செய்திருக்கலாம். அப்போதும் இதே மாதிரி குனிந்திருப்பார்கள். துணியும் வேண்டியிருந்திருக்காது, துணைக்குழுவும் வேண்டியிருந்திருக்காது.

ஆனால் தாய்க் கடிகாரம் தலைவரின் பேச்சைக் கேட்கவில்லை. எட்டு மணிக்குமேல் மையம் மூடிவிட்டது என்பது அதன் கணக்கு. ஏசி நின்றது. விளக்குகள் பெருக்கித் துடைப்பவர்களுக்குப் போதுமான அளவுக்கு மங்கின. ஜன்னல் திரைகள் ஒவ்வொன்றாக இறங்கின. முதலில் சால்வைகள் கழன்றன, பிறகு கோட்டுகள். ஸ்டூலுக்கு மேலே இருந்த பலகையில் இருபத்திரண்டு, இருபத்து மூன்றானது. பெரிய நாட்டுப் பிரதிநிதி டையைத் தளர்த்தி, தண்ணீர்க் குவளையை நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

"இதுல மனுஷன் இருக்க முடியுமா?" என்றார், மைக் திறந்திருப்பதை மறந்து.

அவருக்குப் பக்கத்து நாட்டுக்காரர், "சீக்கிரம் முடிங்களேன். 'உரிய காலத்தில்'னு போட்டுக்கலாம்," என்றார்.

"'சூழ்நிலைக்கு ஏற்ப'ன்னு சேத்துக்கிட்டா எங்களுக்குச் சம்மதம்."

"சரி, போடுங்க. கதவையாவது திறந்து விடுங்கப்பா."

பலகையில் இருபத்து மூன்றரை காட்டியபோது தலைவர் சுத்தியலைத் தட்டினார். இரண்டு வாரமாக முடியாதது பதினாறு நிமிடத்தில் முடிந்தது. உலகம் ஒன்றரை டிகிரிக்குமேல் தாங்காது என்று முதல் பத்தியில் எழுதி வைத்தவர்கள், ஒன்றரை டிகிரி வரைக்கும்கூடத் தாங்கவில்லை. எழுந்து நின்று கை தட்டினார்கள், விசிறிக்கொண்டே. ஒப்பந்தம் மாலை 5.58க்கு நிறைவேறியதாக உதவியாளர் குறித்துக்கொண்டார்.

மேனேஜர் எலக்ட்ரீஷியனின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "உனக்கு மெமோ தரணும்பா. ஆனா என்னன்னு தர்றது? எட்டு மணிக்குக் கடிகாரத்தைத் தொட்டேன்னு எழுதினா, எட்டு மணி ஆச்சுன்னு ஆயிடும். போ, போய்த் தொலை."

பின்தெருவுக்கு அவன் போய்ச் சேரும்போது எட்டரை. முழங்காலுக்குமேல் தண்ணீர். அவன் அக்கா கடை வாசலில் கால் வைத்த அதே நேரம், அட்டவணைப்படி பம்ப் நின்றது.

அக்கா இஸ்திரி மேஜையில் உட்கார்ந்திருந்தாள். "என்னடா, முடிஞ்சுதா உங்க பத்து நிமிஷம்?"

அவன் தலையாட்டினான்.

"கடலைக் காப்பாத்திட்டாங்களா?"

"உரிய காலத்துல காப்பாத்துவாங்களாம்கா."

அத்தான் மெஷின் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து சாக்கடை, வீட்டுக்காரன் மாதிரி நிதானமாக வெளியே வந்தது. "மோட்டார் போச்சு மச்சான். ரெண்டும். டிரையர் மட்டும் உசர மேடை மேல இருந்ததால பொழச்சுது. காய வைக்க இருக்கு, தொவைக்கத்தான் இல்லை."

விரிப்புகளில் மேலே ஏற்ற முடிந்தது நூற்று ஐம்பது. கீழ்த்தட்டில் இருந்த தொண்ணூறும் நனைந்து, ஓரங்களில் பழுப்பாகக் கோடு விழுந்திருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நகராட்சியிலிருந்து ஒருவர் சேதம் பார்க்க வந்தார். நல்ல மனிதர். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குள் வந்தார். எல்லாவற்றையும் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் படிவத்தை எடுத்தார்.

"பம்ப் ஓடாததால வந்த வெள்ளம்னாத்தான்மா நிவாரணம் உண்டு. மையத்துல கேட்டு வாங்கிட்டு வந்தேன். பம்புல குறையே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

"ஆறரைக்கு ஓட வேண்டியது ஓடலையே."

அவர் தாளைப் படித்தார். "மாநாடு அஞ்சு அம்பத்தெட்டுக்கு முடிஞ்சிருக்கு. அதுக்கப்புறம் கடிகாரத்தைத் திருத்தி எட்டு நாலுக்கு வச்சிருக்காங்க. எட்டு நாலுக்குப் பம்ப் ஓடியிருக்கு. நடுவுல ஆறரைன்னு ஒண்ணு வரவே இல்லைம்மா. வராத நேரத்துல பம்ப் ஓடலைன்னு நான் எப்படி எழுதுவேன்?"

எலக்ட்ரீஷியன் ஏதோ சொல்லப் போனான். அக்கா கையைக் காட்டி அடக்கினாள். முழங்காலுக்குமேல் சுவரில் விழுந்திருந்த கோட்டைப் பார்த்தாள்.

"அப்ப வெள்ளமே வரல?"

"பேப்பர்படி வரலைம்மா."

"சரி," என்றாள் அக்கா. "வரலைன்னா வரல."

அவர் போனதும் தொண்ணூறு விரிப்புகளையும் எடுத்து டிரையரில் போட்டுக் காயவைத்தாள். மேஜையில் விரித்து, அழுக்கோடு, சுருக்கம் இல்லாமல் தேய்த்தாள். சூடு பட்டதும் வந்த நாற்றத்தில் அத்தான் வாசலுக்கு ஓடினார். நூற்று ஐம்பதையும் தொண்ணூறையும் ஒன்றாகக் கட்டி, மூன்று பேருமாகத் தள்ளுவண்டியில் ஏற்றிப் பதினொரு மணிக்கு மையத்தின் சரக்கு வாசலுக்குக் கொண்டுபோனார்கள்.

மேனேஜர் மேல் விரிப்பைப் புரட்டினார். அடுத்ததைப் புரட்டினார். மூக்கைப் பொத்திக்கொண்டார். "என்னம்மா இது?"

"இருநூத்தி நாப்பது சார். எண்ணிக்கோங்க."

"சேறும்மா."

"சேறு எப்படி சார் வரும்? நேத்து அஞ்சு மணிக்கே தேச்சு அடுக்கிட்டேன். அதுக்கப்புறம் எங்க தெருவுல ஒண்ணும் நடக்கலையே. நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க."

மேனேஜர் எலக்ட்ரீஷியனைப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தான்.

அக்கா ரசீதுப் புத்தகத்தையும் பேனாவையும் நீட்டினாள். "ரெண்டுல ஒண்ணு எழுதுங்க சார். வெள்ளத்துல நனைஞ்சுதுன்னு எழுதினீங்கன்னா, இதைத் திரும்ப எடுத்துட்டுப் போறேன். வெள்ளம் வரலைன்னா, துணி சுத்தம். நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்னு போடுங்க."

மேனேஜர் தள்ளிப்போய் உதவியாளருக்குப் போன் செய்தார். உதவியாளர் சட்ட ஆலோசகரைப் பிடித்தார். மதிய விருந்துக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. இந்த முறை கடிகாரத்தை நிறுத்தி வைக்க ஆள் இல்லை. ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. மேனேஜர் திரும்பி வந்து, 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நேரமும் போட்டார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான்.

"வாங்கிக்கிட்டாரே," என்றார் அத்தான், திரும்பி வரும்போது. அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டிருந்தார். "நாத்தத்தைக்கூட வாங்கிப்பாங்க, வெள்ளம்னு ஒரு வார்த்தை எழுத மாட்டாங்க."

"எழுதுவாருன்னு நெனச்சேன்," என்றாள் அக்கா. அதற்குமேல் தள்ளுவண்டியைப் பற்றி மட்டுமே பேசினாள், சக்கரம் கிறீச்சிடுகிறதாம்.

அரங்கத்தில் நூற்று ஐம்பது விரிப்பு விருந்து மேஜைகளுக்கே சரியாகப் போயிற்று. கையெழுத்துப் போடும் நீள மேஜைக்கு மீதியிலிருந்து எடுக்கவேண்டி வந்தது. பூச்சட்டிகளை நெருக்கி வைத்தார்கள். வாசனைத் தெளிப்பானை இரண்டு டப்பா காலி செய்தார்கள். எலக்ட்ரீஷியன் மைக்கோடு மேஜை ஓரமாக நின்றான்.

தீவு நாட்டுப் பிரதிநிதியின் முறை வந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர், பேனாவை எடுக்காமல் பூச்சட்டி ஒன்றை ஒரு விரலால் நகர்த்தினார். விரிப்பில் அலை அலையாக ஒரு பழுப்புக் கோடு ஓடியது. குனிந்து முகர்ந்தார். எலக்ட்ரீஷியனைத் தேடி நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க தெருவா?" என்றார், மைக்கைக் கையால் மூடிக்கொண்டு.

"ஆமா சார்."

"எங்க வீட்டுச் சுவத்துலயும் இதே கோடுதான். இதே நிறம்." பூச்சட்டியைத் திரும்பப் பழைய இடத்தில் வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். படம் எடுப்பவர்கள் பூச்சட்டியை நகர்த்தச் சொன்னபோது காது கேட்காதவர் மாதிரி எழுந்து போனார்.

அன்று சாயங்காலமே கம்பி வேலியைப் பிரித்து எடுத்துப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியன் மேனேஜரிடம் போய், பம்புக்குக் கை சுவிட்சைத் திரும்பப் போடலாமா என்று கேட்டான். எழுதிக் கொடு, விருதுக் குழு அடுத்து வரும்போது கேட்டுப் பார்க்கலாம் என்றார் அவர். அவன் எழுதிக் கொடுத்தான். எழுதிக் கொடுத்துவிட்டு, இழுப்பறையிலிருந்த பழைய சுவிட்சையும் முப்பது மீட்டர் ஒயரையும் எடுத்துக்கொண்டு பின்சுவரை ஏறிக் குதித்தான். ஷட்டரின் மோட்டாரையும் பம்பையும் ஒரே சுவிட்சில் சேர்த்து, ஒயரைச் சுவருக்கு மேலே கொண்டுபோய், அக்கா கடையில் இஸ்திரிப்பெட்டியின் பிளக்குக்குப் பக்கத்தில் அந்தச் சுவிட்சைப் பொருத்தினான். இரண்டு மதிப்பெண் போயிற்று. யாருக்கும் தெரியாது.

அமாவாசைக்கு மறுநாள் சாயங்காலம். கடையில் மெஷின் இருந்த இடங்களில் நான்கு நான்கு போல்ட் மட்டும் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. அக்கா இரண்டு பெரிய தொட்டிகளை வைத்து, தெருவில் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, கையால் கசக்கிக்கொண்டிருந்தாள். பாதி வேலைகூட எடுக்க முடியவில்லை. எலக்ட்ரீஷியன் கைப்பேசியை எடுத்து நேரம் பார்த்தான்.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்குக்கா."

"உன் பத்து நிமிஷத்தைக் கொண்டுபோய் அந்தக் கண்ணாடிப் பெட்டியில வை," என்றாள் அக்கா.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் சாக்கடையை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் மேல்நோக்கி ஒரு இலையைத் தள்ளிக்கொண்டு வந்தது. அது சாக்கடைச் சுவரின் மூன்றாவது கல்லைத் தொடும்வரை நின்று பார்த்துவிட்டு, உள்ளே வந்து சுவிட்சைப் போட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பம்ப் இருமியது. அக்கா திரும்பத் தொட்டிக்குள் கையை விட்டாள்.